ஸ்கிரீன் கறுத்தா கொம்பியூட்டர் செத்துட்டு எண்டு ஆரு சொன்ன?

ஆசிரியர் ஐயா அவர்களுக்கு வணக்கம்.

நான் களுவாஞ்சிக்குடியில ஒரு சின்னக் கொமினிகேசன் வச்சிருக்கிறன். போட்டோக்கொப்பி, பிரிண்ட், ஒன்லைன் ஃபோம் நிரப்புற, ரீலோட், பள்ளிக்கூடக் கொப்பி பேனை, இதுதான் யாவாரம். பேப்பருக்குக் கடிதம் எழுதுறது இதுதான் முதல் தரம், எழுத்துப் பிழை இருந்தா திருத்துங்க, ஆனா பாதிய வெட்டிப்போடாதீங்க, ஏனெண்டா நான் சொல்லப்போற விசயம் அரைகுறையா வந்தா விளங்காது, விளங்காட்டி எழுதியும் பிரயோசனமில்ல.

கொஞ்ச ஞாயிறுக்கு முன்னால உங்கட பேப்பரில விண்டோஸ் 10 பற்றி ஒரு கட்டுரை வந்த. 2025 ஒக்டோபர் 14ஓட அதுக்கு அப்டேட் நிண்டுட்டு, பழைய மெசினுகளுக்கு விண்டோஸ் 11 ஏறாது எண்டெல்லாம் வடிவா எழுதியிருந்தீங்க, நல்ல கட்டுரை, வெட்டிக் கடைச் சுவத்தில ஒட்டி வச்சிருக்கிறன். கடைசி வரியில பழைய கணினி வைத்திருப்போர் லினக்ஸ் நிறுவிப் பயன்படுத்தலாம் எண்டு முடிச்சிருந்தீங்க. லினக்ஸ் எண்டா விண்டோஸுக்குப் பதிலாப் போடுற இலவச ஓஎஸ். அந்தக் கட்டுரை வாறதுக்கு முன்னாலயே அதே வேலைய செஞ்சவள்தான் நான். செஞ்சதில பிழையில்ல, இப்பயும் அதிலதான் இந்தக் கடிதத்த ரைப் பண்றன். ஆனா அந்தக் கடைசி வரிக்குப் பொறகு எழுதவேண்டிய கனக்க வரி இருக்கு, அது ஒண்டும் வரல்ல. அதை நான் எழுதுறன்.

என்ட மெசின் 2022ல எடுத்தது. அந்த வருசம் டொலர் 200 ரூவாயில இருந்து 360க்கு ஏறி நிண்ட நேரம், புதுசு வாங்குற எண்டா நகைய அடகு வைக்கணும், அதனால ரெண்டாம் கையில ஒரு மூண்டாம் தலைமுறை ஐ3 எடுத்தம். விண்டோஸ் 11க்கு ரிபிஎம் 2.0 எண்ட பாதுகாப்புப் பகுதி ஒண்டும் வேணும், இன்டெல் எண்டா எட்டாம் தலைமுறையில இருந்துதான் ஏத்துக்கொள்ளும், எங்கட மெசின் அந்தப் பக்கமே போகாது. எங்கட அக்காட மகன் கொம்பியூட்டர் படிக்கிற பொடியன், அவன்தான் வந்து லினக்ஸ் போட்டுத் தந்த. ஒரு சதம் செலவில்ல, வைரஸ் தொல்லையில்ல, பென்டிரைவ்ல ஆரு என்னத்தக் கொண்டுவந்து குத்தினாலும் எனக்குப் பயமில்ல. மாசக் கணக்கில நல்லாத்தான் ஓடின.

மறுகா ஒரு வியாழக்கிழமை இரவு கடை பூட்டுற நேரம் அப்டேட் ஒண்டு கேட்ட, சரியெண்டு அமத்திட்டு, முடிஞ்சதும் ஓஃப் பண்ணிட்டுப் போயிட்டன். வெள்ளிக்கிழமை வெள்ளண வந்து சுவிச்சப் போட்டா மெசின் செஞ்ச கம்பனிட லோகோ வருது, வழமை போல, பொறகு ஒரு கண் சிமிட்டுற நேரம் ஏதோ தெரிஞ்ச மாதிரி, அவ்வளவுதான், கும்மிருட்டு. மொனிட்டர் "நோ சிக்னல்" எண்டு ஒரு பெட்டிய அங்கயும் இங்கயும் மிதக்க விட்டுட்டு ஒரேஞ்ச் லைட்டுக்குப் போயிட்டு. வாசல்ல நாலு பிள்ளையள் ஏஎல் ரிசல்ட்டோட நிக்கிதுகள், கம்பஸுக்கு ஒன்லைன்ல அப்ளை பண்ண, அதுவும் முடியப்போற கிழமை. வயர இழுத்துக் குத்தினன், மொனிட்டரில ரெண்டு தட்டுத் தட்டினன், பிள்ளையாரக் கும்பிட்டன். சின்னவன் வந்து பாத்திட்டு "அம்மா இது செத்துட்டு" எண்டான். பிள்ளையள வேற கடைக்கு அனுப்பி விட்டன், யாவாரம் போனதவிட அந்தப் பிள்ளையள்ட முகந்தான் எனக்குக் கவலை.

இதுக்குள்ள ஒரு விசித்திரம் நடந்த. எங்கட மூத்தவள் வீட்டில இருந்துகொண்டு, மெசின் கறுத்த கதை தெரியாம, பள்ளிக்கூட ஒப்படை ஒண்ட ஃபோன்ல இருந்து வழமை போல கடைப் பிரிண்டருக்கு அனுப்பியிருக்காள். வீடு கடைக்குப் பின்னால, ஒரே வைஃபைதான். பிரிண்டர் குத்தியிருக்கிறது இந்தச் "செத்த" மெசின்ல. நான் கன்னத்தில கையை வச்சுக்கொண்டு இருக்கிறன், பக்கத்தில பிரிண்டர் கிறுகிறு எண்டு ஒரு பேப்பரத் துப்புது, மறுகா ஒண்டு, மறுகா ஒண்டு, ஆறு பக்கம். பயந்துட்டன் உண்மையா. செத்தது பேப்பர் தருமா எண்டு அப்பவே யோசிச்சிருந்தா நான் பஸ் ஏறியிருக்கத் தேவையில்ல.

யோசிக்கல்ல. சிபியுவ பெட்சீற்றில சுத்தி மடியில வச்சுக்கொண்டு மட்டக்களப்புக்கு பஸ் ஏறினன், கிட்டத்தட்ட முப்பது கிலோமீட்டர், ஆரயம்பதி தாண்டி காத்தான்குடி நெரிசலுக்குள்ள பஸ் நிண்டு நிண்டு போக, கல்லடிப் பாலம் வாறதுக்குள்ள கால் ரெண்டும் மரத்துப்போச்சு. டவுன்ல ஒரு திருத்துற கடை, பேர் வேணாம். தம்பி ஒராள் குத்திப் பாத்தார், லோகோ வந்த, பொறகு கறுத்த, பத்து நிமிசம் ஆகல்ல, "மதர்போட்ல விஜிஏ போயிட்டு அக்கா, மதர்போட் மாத்தினா 28,000, அதுக்கு இந்த மெசின விட்டுப்போட்டு வேற ஒண்டு எடுங்க" எண்டார். நான் கேட்டன், "விஜிஏ போயிருந்தா லோகோ எப்பிடித் தம்பி வருது?" "அது அப்பிடித்தான் வரும் அக்கா." விஜிஏ எண்டு அவர் சொன்ன மொனிட்டருக்குப் படம் அனுப்புற பகுதிய. செக் பண்ணின கூலி 1,500 எடுத்தார். அது அப்பிடித்தான் வரும் எண்டா என்ன அர்த்தம்? படம் என்ன மழையா, தானா வாறதுக்கு? அந்த ஒரு வசனந்தான் என்ன இந்தக் கடிதம் எழுத வச்ச.

பஸ் ஸ்டாண்ட்ல நிண்டுகொண்டு அக்காட மகனுக்கு கோல் எடுத்தன். அழுகை வாற மாதிரி எல்லாத்தையும் கொட்டினன். அவன் கேட்ட கேள்வி ஒண்டே ஒண்டு, "சின்னம்மா, எந்த இடத்தில கறுத்த?"

ஐயா, நான் எழுதுறதெல்லாம் நீங்க வெட்டினாலும் இந்தக் கேள்விய வெட்டாதீங்க. சுவிச்சப் போட்ட உடன லோகோவே வராம கறுப்பா இருக்கிறது ஒரு சாதி. லோகோ வந்து, லினக்ஸ் ஏறத் தொடங்கின இடத்தில கறுக்கிறது வேற சாதி. முதல் சாதிக்குத்தான் ரெம், பவர் சப்ளை, மதர்போட் எண்டு பொருள்ல சந்தேகப்படணும். ரெண்டாவதில லோகோ தெரிஞ்சுட்டு, அப்ப மொனிட்டர் நல்லம், கேபிள் நல்லம், படம் அனுப்புற சிப்பும் பெரும்பாலும் நல்லம், இடையில ஆரோ படத்த வாங்கிக் கையில வச்சுக்கொண்டு மறுகா குடுக்கத் தெரியாம நிக்கிறான், அவ்வளவுதான் நடந்திருக்கு. அந்த ஆள்தான் ட்ரைவர், கிராஃபிக்ஸ் சிப்ப ஓட்டுற மென்பொருள். அவன் மறுகா சொன்னான், கீபோட்ல கெப்ஸ் லொக் அமத்திப் பாருங்க, லைட் பத்தி அணைஞ்சா உள்ள உயிர் இருக்கு எண்டு. பிரிண்டர் கதைய சொன்ன உடன அவன் சிரிச்ச சிரிப்பு பஸ் ஸ்டாண்ட் முழுக்கக் கேட்டிருக்கும். "சின்னம்மா, அதைவிட வேற என்ன சாட்சி வேணும், மெசின் உயிரோட இருந்து வேலை செய்யிது, உங்களுக்குக் காட்டத்தான் தெரியல்ல."

இனி அவன் எனக்கு விளங்கப்படுத்தினத நான் விளங்கின மாதிரி சொல்றன். மொனிட்டருக்குப் படம் அனுப்புறதுக்கு ஒரு கணக்கு இருக்கு. குறுக்க எத்தின புள்ளி, நெடுக்க எத்தின புள்ளி, செக்கனுக்கு எத்தின தரம் புதுசாக் கீறணும், உதாரணமா 1920க்கு 1080, செக்கனுக்கு 60 தரம். இந்தக் கணக்குக்குத்தான் மோட் எண்டு பேர். சுவிச்சப் போட்ட உடன மெசின்ட பயோஸ், அதாவது மெசின முதல்ல எழுப்புற உள் மென்பொருள், தனக்குத் தெரிஞ்ச ஒரு லேசான மோட்ல படத்தக் காட்டும், லோகோ வாறது அப்பிடித்தான். பொறகு லினக்ஸ்ட நடுப்பகுதி, கேர்னல் எண்டு சொல்ற, அது எழும்பி "இனி நான் பாத்துக்கொள்றன்" எண்டு கிராஃபிக்ஸ் சிப்ப தன்ட கைக்கு எடுத்து, மொனிட்டரிட்ட நீ ஆரு, உனக்கு என்னென்ன மோட் ஒத்துவரும் எண்டு கேட்டு, ஒண்டத் தெரிஞ்சு வைக்கும். முந்தி இந்த வேலைய கேர்னல் செய்யிறல்ல, மேல இருக்கிற எக்ஸ் சேர்வர் எண்டது செஞ்ச, அதனால ஏறும்போது ஸ்கிரீன் மின்னி மின்னி வரும். 2009 மார்ச்சில வந்த 2.6.29 கேர்னல்லதான் இன்டெல் சிப்புக்கு முதல் முதல் கேர்னலே மோட் வைக்கத் தொடங்கின, அதே வருசம் ரேடியோனுக்கும், 2010ல என்விடியாவுக்கான நூவோ ட்ரைவருக்கும் வந்த. நல்ல மாத்தம்தான், ஆனா கை மாறுற அந்த இடத்தில ட்ரைவருக்கு சிப்ப சரியாப் பிடிபடாட்டி பழைய படமும் போய், புதுப் படமும் வராம, நடுவில கும்மிருட்டு. வியாழக்கிழமை வந்த அப்டேட்ல கேர்னல் புதுசாகியிருக்கு, அதில இருந்த ட்ரைவருக்கும் என்ட மெசின்ல குத்தியிருந்த பழைய கிராஃபிக்ஸ் கார்ட்டுக்கும் ஒத்துவரல்ல. முந்தி வச்சிருந்தவர் கேம் விளையாட எண்டு பூட்டின கார்ட் அது. அப்பிடி ஒண்டு உள்ள இருக்கெண்டே எனக்கு அண்டைக்குத்தான் தெரியும்!

வீட்ட வந்து ஃபோன ஸ்பீக்கரில போட்டு வேலைய தொடங்கினம். முதல்ல க்ரப் எண்ட மெனுவ வரவைக்கணும், லினக்ஸ ஏத்திவிடுறது அதுதான். ஒரு ஓஎஸ் மட்டும் இருக்கிற மெசின்ல அது ஒளிஞ்சு கிடக்கும். பழைய பயோஸ் மெசின் எண்டா லோகோ போற நேரம் ஷிஃப்ட் கீய அமத்திப் பிடிக்கணும், புது யூஈஎஃப்ஐ மெசின் எண்டா எஸ்கேப்ப மெல்லத் தட்டணும். நான் எது எண்டு தெரியாம எஸ்கேப்ப மரங்கொத்தி மாதிரிக் கொத்த, மெனுவத் தாண்டி க்ரப் எண்டு ஒரு அம்புக்குறியோட வெறும் வரி ஒண்டு வந்து நிண்டுட்டு, முடிஞ்சுது கதை எண்டு நெனச்சன், அவன் "நோர்மல் எண்டு ரைப் பண்ணி என்ரர் தட்டிட்டு ஒருக்கா எஸ்கேப் தட்டுங்க" எண்டான், மெனு வந்திட்டு. மெனுவில அட்வான்ஸ்ட் ஒப்சன்ஸ் எண்டதுக்குள்ள போனா பழைய கேர்னலும் கிடக்கும், அதைத் தெரிஞ்சு ஏத்திப் பாக்கிறதுதான் லேசான வழி, அப்டேட்டுக்குப் பொறகு கறுத்தவங்களுக்கு அரைவாசி நேரம் அதுவே போதுமாம். எனக்கு அதுக்குள்ள பழசு ஒண்டும் இல்ல, இடம் காணாதெண்டு நான்தான் முந்தி ஒருநாள் துப்பரவாக்கித் தள்ளியிருக்கன். துப்பரவு கூடினாலும் கரச்சல்தான்.

அதனால ரெண்டாவது வழி. மெனுவில முதல் வரியில நிண்டுகொண்டு ஈ எழுத்த அமத்தினா ஒரு கட்டு எழுத்து வரும், பாத்துப் பயப்படக்கூடாது. அதில லினக்ஸ் எண்டு தொடங்குற நீட்டு வரி ஒண்டு இருக்கும், அதுட கடைசியில குவயட், ஸ்பிளாஷ் எண்டு ரெண்டு சொல். அதுக்குப் பக்கத்தில ஒரு இடைவெளி விட்டு நோமோட்செட் எண்டு ஒரே சொல்லா, எல்லாம் சின்ன எழுத்தில ரைப் பண்ணி, கொன்ட்ரோலோட எக்ஸ், இல்லாட்டி எஃப்10. அவ்வளவுதான். கேர்னலுக்கு "நீ மோட்ல கை வைக்காத, பயோஸ் வச்சது வச்ச மாதிரி இருக்கட்டும்" எண்டு சொல்ற சொல் அது. இங்க செய்யிற மாத்தம் அந்த ஒரு தரத்துக்கு மட்டும்தான், பிழையா அடிச்சாலும் ஓஃப் பண்ணி ஓன் பண்ணினா பழையபடி, அதனால ஆரும் பயப்படத் தேவையில்ல. இத நான் பெரிய எழுத்தில சொல்லணும், ஏனெண்டா என்ட கை நடுங்கின நடுக்கம் எனக்குத்தான் தெரியும்.

படம் வந்திட்டு ஐயா. 28,000 ரூவாக்கு மதர்போட் மாத்தணும் எண்டு சொன்ன மெசின், ஒன்பது எழுத்தில எழும்பிட்டு. சின்னவன் கையத் தட்டினான். நான் முதல் செஞ்ச வேலை காலையில வந்த பிள்ளையள்ல ஒராளுக்கு கோல் எடுத்து வாங்க எண்டது, அவ அதுக்குள்ள வேற கடையில முடிச்சுட்டா.

ஆனா இதோட கதை முடியல்ல, இங்கதான் கனபேர் பிழை விடுறாங்க. நோமோட்செட் கரண்ட் போன நேரம் கொளுத்துற குப்பிவிளக்கு, அத வச்சுக் குடும்பம் நடத்தேலாது. ஒவ்வொரு நாளும் ரைப் பண்ண அலுப்பில நான் அதை நிரந்தரமாப் போட்டுட்டன், ஈரிசி ஃபோல்டருக்குள்ள டிஃபோல்ட் எண்டதுக்குள்ள க்ரப் எண்ட ஃபைல்ல (/etc/default/grub) அதே குவயட் ஸ்பிளாஷுக்குப் பக்கத்தில எழுதி, கட்டளை ரைப் பண்ற ரேர்மினல்ல சூடோ அப்டேட்-க்ரப் குடுத்தா நிண்டுரும். ரெண்டு கிழமை அப்பிடியே ஓட்டினன். மொனிட்டர் அகலமானது, ஆனா படம் 1024க்கு 768ல வந்து பக்கவாட்டில இழுபடுது, வீடியோ எல்லாம் நொண்டி நொண்டி ஓடுது. அதுகூடப் பரவாயில்ல, அடையாள அட்டைக்குப் படம் பிரிண்ட் எடுக்க ஒரு பிள்ளை வந்தா, ஸ்கிரீன்ல அவட முகம் பூசணிக்காய் மாதிரிக் கிடக்கு, நானும் பாவம் எண்டு ரெண்டு பக்கமும் நெருக்கி விட்டன், பிரிண்ட் எடுத்தா முருங்கைக்காய் மாதிரி நீட்டு முகம். பிள்ளைட அம்மா "என்ன கா இது, என்ட பிள்ளையா இது?" எண்டு கேட்டா. அப்பதான் அக்காட மகனுக்குத் திரும்ப கோல் எடுத்த.

அவன் சொன்ன சரியான மருந்து, அந்தக் கார்ட்டுக்குரிய ட்ரைவரப் போடுறது. புதுக் கார்ட் எண்டா சில லினக்ஸ்ல ட்ரைவர் மனேஜர் எண்டு ஒண்டு இருக்கு, அதில போனா எது போடணும் எண்டு அதுவே சொல்லும், போட்டதும் நோமோட்செட்ட அழிச்சிரணும். செக்கியூர் பூட் எண்ட, முத்திரையில்லாத மென்பொருள ஏற விடாத பூட்டு ஓன்ல இருந்தா நடுவில ஒரு பாஸ்வேர்ட் வைக்கச் சொல்லி, அடுத்த தரம் ஏறும்போது ஒரு நீலத் திரையில அதைக் கேக்கும், அந்த நீலத்தக் கண்டு கன்ரினியூ எண்டு தட்டிட்டுப் போனா ட்ரைவர் ஏறாது, திரும்பக் கறுக்கும், அதையும் கவனிக்கணும். என்ட கார்ட் பழசு, செஞ்சவங்களே அதுக்கு ட்ரைவர் குடுக்கிறத நிப்பாட்டி வருசக்கணக்கு. அப்ப என்ன செய்ற? கழட்டி எறியிற. ஐ3க்குள்ளயே இன்டெல்ட கிராஃபிக்ஸ் இருக்கு, கடுதாசி வேலைக்கு அது தாராளம். கரண்டக் கழட்டிட்டு, பக்கக் கதவத் திறந்து, ஆணி ஒண்டக் கிறுக்கி கார்ட்ட உருவி எடுத்து, மொனிட்டர் கேபிள மதர்போட்ல இருக்கிற ஓட்டையில குத்தி, நோமோட்செட்ட ஃபைல்ல இருந்து அழிச்சு திரும்ப அப்டேட்-க்ரப் குடுத்தன். அழிக்க மறந்தா இன்டெல் ட்ரைவரும் வேலை செய்யாம நொண்டும். இப்ப கண்ணாடி மாதிரி படம், முகம் முகம் மாதிரி இருக்கு. கழட்டின கார்ட் கல்லாப்பெட்டிக்குள்ள கிடக்கு, பேப்பர் பறக்காம இருக்க வைக்கிறன்.

இந்தக் கதைய ஊரில சொல்லப்போக, வாவிக்கு அங்கால படுவான்கரையில இருந்து ஒரு வாசிகசாலைக்காரர் தேடி வந்துட்டார். ஆரோ புண்ணியவான் குடுத்த சின்னப் பெட்டி மெசின் நாலு, எல்லாம் பழுது எண்டு தறப்பாள் போட்டு மூடி வச்சிருக்காங்களாம். அக்காட மகன் லீவில வந்தநேரம் ரெண்டு பேரும் குருமண்வெளியில பாதை எண்டு சொல்ற மிதவையில ஏறி மண்டூருக்குப் போனம், அவன் பொழுதுக்கும் ஆத்தப் பாத்துக்கொண்டு வந்தான், எனக்கு மதியத்துக்குள்ள கடை திறக்கணும் எண்ட யோசினை. அங்க கதை வேற மாதிரி. ஸ்கிரீன் கறுப்பில்ல, பின்னால இருக்கிற படம் மட்டும் தெரியுது, மவுஸ் ஓடுது, ஆனா பேரும் பாஸ்வேர்ட்டும் கேக்கிற பெட்டி வராது. என்னெண்டா அந்தப் பெட்டிகள்ட சிப் லெப்டொப்புக்கும் பாவிக்கிற சாதி. மடக்குற ஸ்கிரீன் ஒண்டு பூட்டியிருக்கு எண்டு பயோஸ் பொய் சொல்லியிருக்கு, கேர்னல் அதை நம்பி, இல்லாத அந்த ஸ்கிரீனத்தான் பிரதான ஸ்கிரீன் எண்டு வச்சுக்கொண்டு பெட்டிய அதில காட்டிக்கொண்டு இருக்கு. ஆளில்லாத வீட்டு வாசல்ல வெத்திலை வச்சுக் கலியாணத்துக்குச் சொல்லிட்டு வந்த மாதிரி. இதுக்கு நோமோட்செட் தேவையில்ல. அதே லினக்ஸ் வரியில வீடியோ எண்டு எழுதி, சமன் குறி, எல்விடிஎஸ் பெரிய எழுத்தில, சின்னக் கோடு, 1, முக்காற்புள்ளி, கடைசியில சின்ன எழுத்தில ஒரு டி (video=LVDS-1:d). எல்விடிஎஸ் எண்டது மடக்குற ஸ்கிரீன் பூட்டுற வாசல்ட பேர். அந்த டி எண்டா அந்த வாசல மூடு எண்டு அர்த்தம். மூண்டு மெசின் எழும்பிட்டு. நாலாவது உண்மையாவே செத்தது, சுவிச்சப் போட்டா ஒரு லைட்டும் இல்ல, அதுக்கு நாங்க ஒண்டும் செய்யேலாது. எந்தெந்த வாசல் இருக்கு, எது தனக்கு மொனிட்டர் பூட்டியிருக்கு எண்டு சொல்லுது எண்டத சிஸ் ஃபோல்டருக்குள்ள கிளாஸ், அதுக்குள்ள டிஆர்எம் எண்ட இடத்தில போய்ப் பாக்கலாம், ஒவ்வொண்டுக்கும் ஸ்டேட்டஸ் எண்டு ஒரு ஃபைல் இருக்கும்.

கேபிளையும் மறக்கப்படாது. விஜிஏ கேபிள்ல 15 பின் இருக்கு. மொனிட்டர் தன்னப் பற்றி 128 பைட்ல ஒரு குறிப்பு வச்சிருக்கும், ஈடிஐடி எண்டு பேர், அது போறது 12ஆம், 15ஆம் பின்ல. அந்த ரெண்டுல ஒண்டு வளைஞ்சா மொனிட்டர் ஊமை, மெசின் குத்துமதிப்பா ஒரு மோட் வைக்கும், சில நேரம் சரிவரும், சில நேரம் கறுக்கும். 9ஆம் பின் சில கேபிள்ல பிறப்பிலேயே இருக்காது, அதைக் கண்டு கேபிள எறிய வேணாம். எங்கட பக்கம் கடல் காத்து உப்பு, பின் எல்லாம் பச்சை பிடிக்கும், அதையும் பாருங்க. லோகோவே வராத மெசினுக்கும் கடைக்குத் தூக்கமுதல் ரெம்ம கழட்டி அந்த மஞ்சள் பல்லுகள பென்சில் அழிக்கிற றப்பரால தேச்சு திரும்பப் போட்டுப் பாத்தா ஒண்டும் குறையாது.

விண்டோஸ் வச்சிருக்கிறவங்க இது நமக்கில்ல எண்டு பக்கத்தத் திருப்பிராதீங்க. அங்கயும் இதே கூத்துத்தான். ரெசலூசன மாத்தப்போய் ஸ்கிரீன் கறுத்தா ஒண்டையும் தொடாம 15 செக்கன் இருங்க, அது தானாத் திரும்பிரும், இந்த 15 செக்கன் பொறுமையில்லாம பிளக்க இழுத்தவங்கள எனக்குத் தெரியும். விண்டோஸ் 10, 11ல ஓடிக்கொண்டு இருக்கும்போது கறுத்தா விண்டோஸ் கீ, கொன்ட்ரோல், ஷிஃப்ட், பி (B), நாலையும் ஒண்டா அமத்தினா கிராஃபிக்ஸ் ட்ரைவர் மட்டும் ஓஃப் ஆகி ஓன் ஆகும், பீப் எண்டு ஒரு சத்தம் கேக்கும். ஏறவே மாட்டன் எண்டா ஏறுற நேரம் மூண்டு தரம் பவர அமத்தி நிப்பாட்டினா ரிப்பேர் மெனுவுக்குப் போகும், அதில ஸ்டார்ட்டப் செட்டிங்ஸ்ல 3ஆவது, குறைஞ்ச ரெசலூசன்ல ஏத்து எண்டது, 4ஆவது சேஃப் மோட். எங்கட நோமோட்செட்ட ஒண்டுவிட்ட தங்கச்சி மாதிரி எண்டு வச்சுக்கொள்ளுங்க.

திருத்துற கடைக்காரங்க எல்லாரும் கள்ளர் எண்டு நான் சொல்ல வரல்ல. அந்தத் தம்பி விண்டோஸ் மட்டும் தெரிஞ்ச ஆள், லினக்ஸக் கண்ட உடன கை நிண்டுட்டு, அதை வாயால சொல்ல வெக்கம், மதர்போட் எண்டுட்டார். எனக்கு லினக்ஸ் தெரியாது அக்கா, வேற ஆரிட்டயும் காட்டுங்க எண்டு சொல்லியிருந்தா நான் சந்தோசமா 1,500 குடுத்திருப்பன். ஆனா இனி மட்டக்களப்பு, அம்பாறை ரெண்டு மாவட்டத்திலயும் இப்பிடிப் பழைய மெசினுக்கு லினக்ஸ் போடுறவங்க கூடத்தான் போறாங்க, பள்ளிக்கூடம், வாசிகசாலை, சங்கம், என்னப்போல கொமினிகேசன்காரர் எண்டு. கல்முனையிலயோ அக்கரைப்பற்றிலயோ ஒரு வாப்பா பிள்ளைக்குப் பழைய மெசின் ஒண்டு எடுத்துக் குடுத்து, அது ஒரு வெள்ளிக்கிழமை காலம்பறக் கறுத்தா, அவர் ஆரிட்டக் கேப்பார்? ஹார்ட்வெயார் கோர்ஸ் நடத்துற இடங்கள் ரெம் மாத்துறது, விண்டோஸ் அடிக்கிறதோட நிக்காம, கறுத்த ஸ்கிரீன எப்பிடி விசாரிக்கிற எண்டு ஒரு நாள் பாடமாவது வைக்கட்டும். உங்கட பேப்பரிலயும் கிழமைக்கு ஒருக்கா கால் பக்கம் ஒதுக்கி, இப்பிடி ஆக்கள் தங்கட மெசினோட பட்ட பாட்ட எழுதச் சொல்லலாம், சமையல் குறிப்புக்கு ஒதுக்குறீங்கதானே.

கடைசியா ஒரு உதவி. நான் தமிழ்ல நோமோட்செட் எண்டு எழுதியிருக்கன், மெசினுக்குத் தமிழ்ல அடிச்சா விளங்காது, அதால பிரசுரிக்கும்போது எழுத்துக்கூட்டியும் போடுங்க: என், ஓ, எம், ஓ, டி, ஈ, எஸ், ஈ, ரீ. நடுவில இடைவெளி இல்ல, முன்னால மட்டும் ஒரு இடைவெளி. மெசின் கறுத்துக் கிடக்கும்போது நெட்ல தேடிப் பாக்கவும் ஏலாது, அதனால வாசிக்கிறவங்க இத வெட்டி சிபியுவுக்குப் பின்பக்கம் ஒட்டி வைக்கட்டும். நான் மார்க்கரால எழுதியே வச்சிருக்கன்.

இப்படிக்கு,
கொமினிகேசன் வச்சிருக்கிற ஒரு வாசகி,
களுவாஞ்சிக்குடி.